ஓடிபி யார் போனுக்குப் போகிறது? தேசிய சுகாதார ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

ஆணையத்தில் பொறுப்பில் இருக்கிற எல்லோருக்கும் வணக்கம்.

நான் 11 வருடமாக லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவள். இருமுனைக் கோளாறு, அதாவது மனநிலை அளவு மீறி ஏறியும் இறங்கியும் போகிற மனநோய். என் ஓ.பி. சீட்டுகள், ரத்தப் பரிசோதனை முடிவுகள், இரண்டு டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் ஒரு ஜவுளிக்கடைப் பையில், பீரோவுக்குள், புடவைகளுக்கு அடியில் இருக்கின்றன. ஏன் அடியில் என்று இந்த நோயோடு வாழ்கிற யாரும் கேட்க மாட்டார்கள். 2021 செப்டம்பரில், நோயாளிகளின் மருத்துவப் பதிவுகளை மின்னணு முறையில் இணைக்கிற உங்கள் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கத்தை நாடு முழுக்கத் தொடங்கியபோது, இனி இந்தப் பையைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், அந்தப் பதிவுகளைச் சேர்த்துவைக்கும் 14 இலக்க ஆபா எண் போதும் என்று நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். எண்ணும் வாங்கிவிட்டேன். ஆனால் இன்றுவரை என் மனநல மருத்துவரின் ஒரு சீட்டைக்கூட அதில் சேர்க்கவில்லை.

ஏன் என்று புரிய இரண்டு சம்பவம் சொல்கிறேன். முதலாவது வயிற்று வலி. ஒரு மருத்துவமனைக்குப் போனேன், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார்கள், மறைக்காமல் சொன்னேன். அதோடு அந்த டாக்டர் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டார். "ஒழுங்கா தூங்குறாங்களா, மாத்திரை போடுறாங்களா" என்று கேள்வியெல்லாம் என் வீட்டுக்காரரிடம். டென்ஷன்தான் என்று அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரம் துடித்த பிறகு வேறு இடத்தில் ஸ்கேன் எடுத்தால் பித்தப்பையில் கல். சரி, இனி எங்கேயும் வாயைத் திறக்கக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். அடுத்த வருடம் முழங்கால் வலிக்கு இன்னொரு டாக்டரிடம் போனபோது லித்தியம் பற்றி மூச்சு விடவில்லை, அவர் டைக்ளோஃபெனாக் எழுதிக் கொடுத்தார். இந்த வகை வலி மாத்திரைகள் சிறுநீரகம் வழியாக லித்தியம் வெளியேறுவதைக் குறைத்துவிடும், ரத்தத்தில் அதன் அளவு ஏறிக்கொண்டே போகும். ஐந்தாம் நாள் வாந்தி, கால் தள்ளாட்டம், பேச்சுக் குழறல், அப்புறம் ஐ.சி.யூ. அந்த டாக்டர் மேல் எனக்குக் கோபம் கிடையாது, நான் சொல்லாதது அவருக்கு எப்படித் தெரியும்?

ஆக, எனக்கு இந்தப் பதிவு கட்டாயம் வேண்டும். அதே பதிவைப் பார்த்துத்தான் பயமும்.

தீவிர மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 வருடம் முன்னதாக இறந்துபோகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தற்கொலை மட்டும் காரணம் இல்லை, பெரும்பாலும் இதயம், சர்க்கரை மாதிரி உடம்பு நோய்கள்தான். மனநோய்க்குத் தரும் ஒலன்சபின் மாத்திரை எடையையும் சர்க்கரையையும் ஏற்றும். குளோசபின் என்ற இன்னொரு மாத்திரை தொடங்கினால் முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தத்தில் வெள்ளை அணுக்களைப் பார்க்க வேண்டும். இதையெல்லாம் மனநல டாக்டர் ஒரு நோட்டிலும் சர்க்கரை டாக்டர் இன்னொரு நோட்டிலும் எழுதினால் நடுவில் மாட்டிக்கொள்வது நாங்கள். அமெரிக்காவில் அட்லாண்டாவின் ஒரு சமூக மனநல மையத்தில் மனநோயோடு உடம்பு நோயும் உள்ள 170 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2014-ல் முடிவு வெளியானது. தங்கள் கையிலேயே மின்னணுப் பதிவு வைத்திருந்தவர்களுக்கு, கிடைக்க வேண்டிய தடுப்புப் பரிசோதனைகள் ஒரே வருடத்தில் 24 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாக உயர்ந்தன. பதிவு இல்லாதவர்களுக்கு இருந்ததும் குறைந்தது. மனநோயாளிக்கு இதெல்லாம் எதற்கு, அவர்களால் கையாள முடியுமா என்று கேட்பவர்களுக்கு அந்த ஆய்வே பதில்.

ஆபாவில் எந்த வகைப் பதிவை, எந்தத் தேதிவரை காட்டலாம் என்று நானே சம்மதம் கொடுக்கலாம், திரும்பப் பெறலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் மருந்துச்சீட்டு என்ற வகையைத் திறந்தால், அதில் லித்தியம் என்ற ஒரு சொல் போதும், நோயின் பெயரைத் தனியாக மறைத்து என்ன பயன்? அதனால் நான் கேட்பது வேறு. ஒரு டாக்டர் வலி மாத்திரை எழுதும்போது "இவர் சாப்பிடும் இன்னொரு மருந்தோடு இது சேராது, அவரிடம் கேளுங்கள்" என்று மட்டும் எச்சரிக்கை வரட்டும். என்ன மருந்து என்று சொல்வதா வேண்டாமா என்பதை அந்த அறையில் உட்கார்ந்து, அந்த டாக்டரின் முகத்தைப் பார்த்து நான் முடிவு செய்துகொள்கிறேன்.

அப்புறம் அந்த ஓடிபி, ஆபாவுக்குள் நுழையப் போனுக்கு வரும் ஆறு இலக்க எண். மனநோயோடு வாழ்கிறவர்கள் கூடுகிற எங்கள் சந்திப்புக் குழுவுக்கு வரும் ஒரு பெண்ணின் ஆபா எண் அவளுடைய அண்ணன் போனில் இருக்கிறது, அவளுக்குச் சொந்தமாகப் போனே இல்லை. சம்மதம் கொடுப்பது யார்? அவள் பெயரில் அண்ணன். இந்து திருமணச் சட்டத்தில் மனநோய் இன்றும் விவாகரத்துக்கு ஒரு காரணமாக இருக்கிறது, அப்படியிருக்க போன் கணவர் கையில் இருந்தால் அந்தப் பதிவு எங்கே போய் நிற்கும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, பிரிவு 23, 24-ல் எங்கள் ரகசியத்தை மின்னணுத் தகவலுக்கும் சேர்த்தே காக்கச் சொல்கிறது. பிரிவு 14 வெள்ளைத்தாளில் கையெழுத்தோ கைரேகையோ வைத்து எங்கள் பிரதிநிதியை நாங்களே நியமிக்கலாம் என்கிறது. முன்கூட்டியே எழுதிவைக்கும் சிகிச்சை விருப்பங்களுக்கு மனநல மறுஆய்வு வாரியங்கள் இணையப் பதிவேடு வைக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. இவை மூன்றையும் ஆபாவோடு இணையுங்கள். குடும்ப அட்டையில் பெயர் இருக்கிற உறவினர் வேறு, நான் நம்பி நியமித்த ஆள் வேறு. என் பதிவை யார், எந்த நாளில் திறந்தார்கள் என்பதும் எனக்குப் புரிகிற தமிழில் என் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

இன்னொன்று, அந்தப் பதிவில் நான் எழுத ஓர் இடம் வேண்டும். தொடர்ந்து மூன்று இரவு தூக்கம் நாலு மணி நேரத்துக்குக் கீழே போனால் எனக்கு நோயின் வேகம் ஏறுகிறது என்று அர்த்தம், முதலில் என் அக்காவைக் கூப்பிடுங்கள், ஊசி போடுவதற்கு முன் என்னிடம் சொல்லிவிட்டுப் போடுங்கள். எந்த டிஸ்சார்ஜ் சம்மரியிலும் இது இல்லை.

செயலியைச் சோதிக்கும்போது எங்களைக் கூப்பிடுங்கள். லித்தியம் சாப்பிடுகிறவர்களுக்குக் கை நடுங்கும், நேரம் முடிவதற்குள் ஆறு எண்ணை அடிப்பது எங்களில் பலருக்குச் சுலபமில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்து அது தெரியாது. நான் வருகிறேன், அந்தப் பையையும் எடுத்துக்கொண்டு.

இப்படிக்கு,
ஆபா எண் இருந்தும் காலியாக வைத்திருக்கும் ஒருத்தி