வண்டி நிமிரும்போது வந்த சத்தம்

அஸ்தம்பட்டி, சேலம்
ஆனி 20

அன்புள்ள சுந்தரத்துக்கு,

பொங்கலுக்குப் பிறகு நீ எழுதிய இரண்டு கடிதங்களும் என் மேசைமேல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. ஆறு மாதம் பதில் எழுதாமல் இருந்தது தவறு. அதற்குச் சாக்குச் சொல்லப் போவதில்லை. இங்கே எல்லோரும் நலம். அக்காவுக்கு வலக்கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. இப்போது செய்தித்தாளின் பொடி எழுத்தைக்கூடப் படிக்கிறார். நம் நண்பர் கண்ணாடி வாத்தியாருக்கு எண்ணெய்ப் பண்டம் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆகவே நீ வரும்போது தட்டுவடை செட்டு சாப்பிட நாம் இருவர் மட்டும் அவருக்குத் தெரியாமல் போய்வர வேண்டும்.

இன்று பேனாவை எடுக்க வைத்தது உன் இரண்டாவது கடிதத்தின் கடைசிப் பத்தி. வீட்டிலிருந்து காரைப் பின்னால் எடுத்து நிறுத்தும்போது முன்பக்கம் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்பதாக எழுதியிருக்கிறாய். வயதான வண்டி முனகத்தான் செய்யும் என்று அடுத்த வரியில் சமாதானம் சொல்லிக்கொள்கிறாய். அதற்கடுத்த வரியில், ஆடிப் பதினெட்டுக்குப் பேரப்பிள்ளைகளை அதே காரில் கொல்லிமலைக்கு அழைத்துப்போகப் போவதாக எழுதுகிறாய். எழுபது கொண்டை ஊசி வளைவுகள், சுந்தரம்! உன்னிடம் பொறுமையாகப் பேசிப் பயனில்லை என்றும் தெரியும். இருந்தாலும் இந்தக் கடிதத்தை முழுவதும் படித்துவிட்டு வண்டியின் சாவியைத் தொடு.

உன் 'டொக்' எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். மாசி மாதத்திலிருந்து வைகாசி வரை நான் அதனோடு குடித்தனம் நடத்தினேன்.

அக்கா ஏற்காடு மலையில் நாகலூருக்கு அருகே உள்ள தன் வீட்டைவிட்டுக் கீழே வந்து எங்களோடு இருக்க ஒப்பவில்லை. மிளகுக் கொடியையும் நாயையும் யார் பார்ப்பார்கள் என்று கேட்டு வாயை அடைத்துவிட்டார். ஆகையால் கண் சிகிச்சைக்காக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நான் மேலே போய் அவரை அழைத்துவந்து, மறுநாள் கொண்டுபோய் விட வேண்டியிருந்தது. அப்படி இரண்டாவது முறை இறங்கும்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன். ஏதோ ஒரு வளைவில், வண்டி பாதி திரும்பியிருக்கும்போது, இடப்பக்க முன்சக்கரத்துக்கு அருகே யாரோ மரச்சுத்தியால் ஒருமுறை தட்டியது போல ஒரு சத்தம். ஒரே ஒருமுறைதான். அடுத்த வளைவில் இல்லை. அதற்கடுத்ததில் மறுபடியும் வந்தது. அந்தச் சாலையில் ஒரு பக்கம் பாறையும் சுவருமாக இருப்பதால், ஜன்னலை இறக்கிவிட்டு இரண்டாம் கியரில் இறங்கினால் வண்டியின் அடிவயிற்றில் எழும் ஒலியெல்லாம் சுவரில் பட்டுக் காதுக்கே திரும்பி வரும். ஊருக்குள் இரைச்சலில் மூழ்கிப்போகிற சத்தம் அங்கே தப்பாமல் கேட்கும். வண்டியில் எங்கேயாவது சந்தேகம் இருந்தால் அப்படி ஒரு சுவரோரமாக ஜன்னலைத் திறந்துவைத்து ஓட்டிப்பார், நம்பகமான வழி.

நான் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். அடிவாரத்திலிருந்து மேலே வரை இருபது வளைவுகளுக்கும் எண் எழுதிய பலகை இருக்கிறதே, அந்த எண்ணை வைத்து எந்த வளைவில் வந்தது, எந்த வளைவில் வரவில்லை என்று ஒவ்வொரு பயணத்துக்கும் குறித்தேன். ஏறும்போது ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. இறங்கும்போது ஏழெட்டு இடங்களில் வந்தது. இடப்பக்கம் திரும்பும் வளைவிலும் வந்தது, வலப்பக்கம் திரும்பும் வளைவிலும் வந்தது. இந்த ஒரு குறிப்பிலேயே பாதி விடை இருந்தது என்பது இப்போது தெரிகிறது. ஆனால் வளைவில்தான் சத்தம் வருகிறது என்று நான் முதலிலேயே முடிவு கட்டிவிட்டதால், திரும்பும்போது அசைகிற உறுப்புகளைத் தவிர வேறெதையும் நினைத்துப் பார்க்கவில்லை.

பட்டறைகளில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நினைத்தாலே வருத்தமாக இருக்கிறது. முதல் பட்டறையில் வண்டியைத் தெருவில் ஒரு சுற்றுச் சுற்றிவந்து, வளைவில் வண்டி சாயாமல் காக்கும் அமைப்பில் உள்ள இணைப்புக் கம்பியான ஸ்டெபிலைசர் லிங்க் ராடு தேய்ந்துவிட்டது என்று இரண்டு பக்கமும் மாற்றினார்கள், 3,800 ரூபாய். சத்தம் போகவில்லை. இரண்டாவது பட்டறையில் ஷாக் அப்சார்பரும் அதன் மேல் மவுண்டும் என்றார்கள், 14,600 ரூபாய். வண்டி மெத்தென்று ஓடியது, சத்தம் மட்டும் அப்படியே இருந்தது. மூன்றாவது முறை போனபோது, எஞ்சினின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஆக்சில் ஜாயிண்டை மாற்றிப் பார்க்கலாம் என்றார்கள். 'பார்க்கலாம்' என்ற அந்தச் சொல்தான் என்னை நிறுத்தியது. என்ன பழுது என்று தெரியாமல் ஒவ்வொரு உறுப்பாக மாற்றிப் பார்ப்பதற்கு வைத்தியம் என்று பெயர் இல்லை. வயிற்றுவலி என்று போனவனுக்கு முதலில் பல்லைப் பிடுங்கி, பிறகு காதைக் கிள்ளிப் பார்ப்பது போன்றது அது. அவர்களும் கெட்டவர்கள் அல்லர். மலைச்சாலையில் வருகிற சத்தத்தைச் சமவெளித் தெருவில் தேடினார்கள், அவ்வளவுதான். ஆனால் அவர்களில் ஒருவர்கூட, எப்போது வருகிறது என்று என்னிடம் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. எங்கே வருகிறது என்றுதான் கேட்டார்கள்.

கண்டுபிடித்தது அக்கா.

புரை எடுத்த மறுவாரம் பரிசோதனைக்காக இறங்கிக்கொண்டிருந்தோம். கூச்சம் தாங்காமல் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கண்ணையும் மூடிக்கொண்டு, இடப்பக்க இருக்கையில் சாய்ந்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். பாதி மலை இறங்கியதும் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “தம்பி, இது வளைவுக்கு வர்ற சத்தம் இல்லடா. வண்டி குனிஞ்சு நிமிருதே, அந்த நிமிர்றப்பத்தான் என் பாதத்துக்குக் கீழே இடிக்குது.”

வண்டி குனிவது நான் பிரேக்கை அழுத்தும்போது. நிமிர்வது காலை எடுக்கும்போது. வளைவுக்குள் நுழையும் முன் பிரேக் பிடிக்கிறோம், வளைவின் நடுவில் விடுகிறோம். ஆகவே ஓட்டுகிறவனுக்கு அது வளைவின் சத்தமாகவே தோன்றும். சாலையைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தெரியாதது, கண்ணை மூடியிருந்தவருக்குத் தெரிந்துவிட்டது. அன்று மீதியிருந்த தூரத்தில் வேண்டுமென்றே, வளைவே இல்லாத நேர்ப்பாதையில் இலேசாகப் பிரேக் பிடித்து விட்டுப் பார்த்தேன். வந்தது. ஒவ்வொரு முறையும் வந்தது.

வீட்டு வாசலில் அன்று மாலையே சோதித்தேன். நீயும் இதைத்தான் செய்ய வேண்டும், ஆகையால் கவனமாகப் படி. சமமான தரையில், நடந்துபோகும் வேகத்துக்கு மேல் போகாமல் வண்டியை முன்னால் நகர்த்திப் பிரேக்கைப் பிடி. பிறகு பின்னால் நகர்த்திப் பிடி. இப்படி மாறிமாறி நாலைந்து முறை. உன் மகனைச் சற்றுத் தள்ளிப் பக்கவாட்டில் நிற்க வைத்து, முன்சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையே உள்ள இடைவெளியை மட்டும் பார்க்கச் சொல். வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கக் கூடாது. என் வண்டியில் வலச்சக்கரம் தன் இடத்தைவிட்டு அசையவில்லை. இடச்சக்கரமோ பிரேக் பிடிக்கும்போது விரல் கனத்துக்குப் பின்னால் போய், விட்டதும் 'டொக்' என்று முன்னால் வந்து நின்றது. அதைக் கண்ணால் பார்த்த கணத்தில் என் கை நடுங்கிவிட்டது, சுந்தரம். அந்தச் சக்கரத்தின் மேல்தான் அக்காவை உட்கார வைத்து அத்தனை முறை ஏறி இறங்கியிருக்கிறேன்.

சக்கரத்தைக் கீழே தாங்கிப் பிடிக்கிற லோயர் ஆர்ம் என்ற இரும்புக் கை ஒரு முனையில் பால் ஜாயிண்ட் என்ற குமிழ் மூட்டு வழியாகச் சக்கரத்தோடும், மறுமுனையில் புஷ் என்ற இரண்டு ரப்பர் வளையங்கள் வழியாக வண்டியின் சட்டத்தோடும் இணைந்திருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது சாலை சக்கரத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறது. அந்தத் தள்ளலைப் பெரும்பாலும் தாங்குவது பின்பக்கத்துப் புஷ். அதன் ரப்பர் கிழிந்துவிட்டால், பிரேக்கில் ஆர்ம் பின்னால் நழுவி இரும்பு இரும்பை முட்டுகிறது. விட்டதும் பழைய இடத்துக்குத் துள்ளி வருகிறது. பின்னால் போய்ப் பிரேக் பிடிக்கும்போது அதுவே தலைகீழாக நடக்கிறது. உன் வீட்டு வாசலில் நீ கேட்பது அதுவாகத்தான் இருக்கும் என்று அஞ்சுகிறேன். ஐந்து ரோடு சிக்னலில் எத்தனையோ முறை எனக்கும் அது கேட்டிருக்கிறது. பேருந்துச் சத்தத்தில் பொருட்படுத்தாமல் விட்டிருக்கிறேன்.

அதன்பிறகு செவ்வாய்ப்பேட்டைப் பக்கம், இளமையில் லாரிகளில் வேலை செய்த ஒரு பெரியவரிடம் போனேன். வண்டியை ஜாக்கியில் தூக்கச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன், தூக்கவே விடவில்லை. முந்தைய பட்டறைகளில் சக்கரத்தைத் தொங்கவிட்டு, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பால் ஜாயிண்டையும், இரு பக்கமும் பிடித்து ஆட்டி, ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எண்டையும் பார்த்தார்கள். இரண்டும் நல்ல சோதனைகள்தாம். ஆனால் சக்கரம் தொங்கும்போது புஷ்ஷின் மேல் பாரம் இருப்பதில்லை; கிழிசல் வாயை மூடிக்கொள்ளும். பெரியவர் வண்டியை நாலு சக்கரத்திலும் நிற்கவைத்தபடியே குழியில் இறங்கி, சிறு கடப்பாரையை ஆர்முக்கும் சட்டத்துக்கும் நடுவே கொடுத்து நெம்பினார். என்னையும் கீழே கூப்பிட்டு விளக்கைப் பிடிக்கச் சொன்னார். ரப்பர் வளையத்தில் முக்கால் சுற்றுக் கிழிந்து, நடுக்குழல் சோற்றில் செருகிய கரண்டி போல் ஆடிக்கொண்டிருந்தது.

அவர் கேட்ட முதல் கேள்வி: இந்த ஆர்மை எப்போது மாற்றினீர்கள்? இரண்டு வருடத்துக்கு முன், மழைக்காலத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்து ஆர்ம் வளைந்து, வேறொரு பட்டறையில் மாற்றியது நினைவுக்கு வந்தது. சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை முறுக்கியிருப்பார்கள் என்றார். இந்த வகைப் புஷ்ஷில் ரப்பர் உள்ளே இருக்கும் குழலோடு ஒட்டியது. அது வழுக்கிச் சுழலாது, முறுக்கித்தான் கொடுக்கும். ஆர்ம் தொங்குகிற நிலையில் போல்ட்டை இறுக்கினால், வண்டி தரையில் இறங்கிய நொடியிலிருந்து அந்த ரப்பர் முறுக்கியபடியே வாழ வேண்டும்; ஒவ்வொரு பள்ளமும் அந்த முறுக்கை இன்னும் கூட்டும். ஆகையால் போல்ட்டுகளை முதலில் தளர்வாகப் போட்டு, வண்டியைச் சக்கரத்தில் நிறுத்தி, பாரம் இறங்கியபிறகுதான் கடைசி முறுக்குத் தர வேண்டும். அவர் அப்படித்தான் செய்தார், முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து. வலப்பக்க ரப்பரிலும் மயிரிழை வெடிப்புகள் இருந்ததால் இரண்டு ஆர்மையும் மாற்றினோம். பிறகு சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் வீல் அலைன்மெண்ட். இடப்பக்க டயரின் உள்விளிம்பு ஏற்கெனவே தேய்ந்து போயிருந்தது. பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் இடப்பக்கம் இழுத்ததையும் நான் சாலையின் சரிவு என்றே எண்ணியிருந்தேன்.

உன்னுடையது வேறாகவும் இருக்கலாம், அதனால் இதையும் எழுதுகிறேன். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது மட்டும் 'டக் டக் டக்' என்று வரிசையாக வந்தால் ஆக்சில் ஜாயிண்ட். அதன் ரப்பர் உறை கிழிந்து சக்கரத்தின் உட்புறம் கிரீஸ் தெறித்திருக்கிறதா பார். வேகம் கூடக்கூட ஊளையிட்டு, வளைவில் பாரம் மாறும்போது சுருதி மாறினால் வீல் பேரிங். பொடிக் கற்களில் கடகடவென்று வந்து, பிரேக்கை இலேசாகத் தொட்டதும் அடங்கினால் பிரேக் பேடு. நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போதே சுருள் துள்ளி அதிர்ந்தால் ஷாக் அப்சார்பரின் மேல் மவுண்ட். இவற்றில் எதுவானாலும் பால் ஜாயிண்டைச் சேர்த்துப் பார்க்கச் சொல், ஏனென்றால் அது கழன்றால் சக்கரம் மடிந்து படுத்துவிடும். அந்த நேரத்தில் ஸ்டியரிங் நம் கையில் இருந்தும் பயனில்லை. இதை உன்னைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. பேரப்பிள்ளைகளை நினைத்துச் சொல்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை அக்காவை அழைத்துக்கொண்டு இறங்கினேன். ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. முந்தைய இரவு மழை பெய்து சில்வர் ஓக் மரங்கள் சொட்டிக்கொண்டிருந்தன. இருபது வளைவுகளிலும் டயர் ஈரத்தில் உரசும் ஒலி மட்டும் கேட்டது. அடிவாரத்துச் சோதனைச்சாவடி வந்ததும் அக்கா கால்களை நீட்டிக்கொண்டு, இனிமேல் நிம்மதியாகத் தூங்கலாம் என்றார்.

ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்கு நீயும் வீட்டாரும் இங்கே வந்து தங்குவதானால், கொல்லிமலைக்கு என் வண்டியிலேயே எல்லோரும் போகலாம், நான் ஓட்டுகிறேன். அதற்கு முன், வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில், தெருவில் சத்தம் தொடங்குவதற்குள் அந்தச் சோதனையைச் செய். எந்தச் சக்கரம் நகர்ந்தது என்று அன்றைக்கே எனக்கு எழுது.

என்றும் உன்,
பழனி