கடைசிப் பக்கம் வரை படியுங்கள்: இளையோர் ஃபேன்டஸி நூல்களின் நடுவர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நடுவர் குழுவினருக்கு,

வணக்கம். இளையோர் ஃபேன்டஸி, அதாவது மாயமும் கற்பனை உலகமும் கொண்ட கதைகளுக்கான பிரிவில் இந்த ஆண்டு பரிசு இல்லை என்று அறிவித்திருக்கிறீர்கள். பரிசு கொடுப்பதும் நிறுத்தி வைப்பதும் உங்கள் உரிமை. அதில் எங்களுக்கு வழக்கில்லை. அறிவிப்போடு வந்த இரண்டு வரிகள்தான் எங்களை எழுத வைத்தன. வந்த நூல்கள் வெகுஜன ரசனையைக் குறிவைத்தவை, இலக்கியத் தரத்தை எட்டவில்லை என்கிறது ஒரு வரி. ஒவ்வொரு நூலிலும் முதல் 50 பக்கங்கள் பரிசீலிக்கப்பட்டன என்கிறது அடுத்த வரி.

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறோம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சோற்றோடு நிற்கட்டும். ஃபேன்டஸி நாவலின் முதல் 50 பக்கங்களில் ஆசிரியர் வாக்குதான் கொடுக்கிறார். அதைக் காப்பாற்றினாரா என்பது 300 பக்கம் தாண்டித்தான் தெரியும்.

ஒரு கதையை வைத்துக்கொள்வோம். தொட்டால் காயம் ஆறும் கைகள் வாய்த்த 16 வயதுப் பெண். ஆற்றும் ஒவ்வொரு முறையும் அவளுடைய நினைவு ஒன்று போய்விடும். காயம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு நெருக்கமான நினைவு போகும். 40-ஆம் பக்கத்தில் தம்பியின் விரலில் ஏற்பட்ட சின்ன வெட்டை ஆற்றுகிறாள். எப்போதோ கேட்ட ஒரு பாட்டின் மெட்டு மறந்துபோகிறது. நல்ல தொடக்கம். ஆனால் இதிலிருந்து இரண்டு விதமான நாவல்கள் வரலாம். ஒன்றில், 380-ஆம் பக்கத்தில் போர்க்களம் முழுவதையும் ஒரே மூச்சில் ஆற்றிவிட்டு எழுந்து நின்று, எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். நினைவு ஏன் போகவில்லை என்றால், அன்பு விதியை வென்றுவிட்டதாம். அதுவரை வாசகர் அவளுக்காகப் பட்ட பதைப்பு அத்தனையும் அந்த ஒரு வாக்கியத்தில் வீணாகிறது. இன்னொன்றில், தம்பி சாகக் கிடக்கிறான். அவனைக் காப்பாற்றினால் அவனையே மறந்துவிடுவோம் என்று தெரிந்தும் கையை நீட்டுகிறாள். பிழைத்து எழுந்தவன் "அக்கா" என்கிறான். அவள் ஓரடி பின்வாங்கி, "நீங்க யாரு?" என்று கேட்கிறாள்.

முதல் நாவல் தன் விதியைத் தானே உடைத்துக்கொண்டது. இரண்டாவது அந்த விதியைக் கொண்டே ஒரு மனுஷியின் தேர்வைக் காட்டிவிட்டது. இரண்டுக்கும் முதல் 50 பக்கங்கள் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருக்கலாம். உங்கள் முறைப்படி இரண்டும் ஒரே மதிப்பெண்தான் பெறும். மூன்று வருடம் உட்கார்ந்து அந்த முடிவை நோக்கி நாவலைச் செதுக்கிய ஒருவர், தன் முடிவை யாரும் படிக்கவே இல்லை என்பதை உங்கள் அறிவிப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார். இதைவிடப் பெரிய அவமதிப்பு ஓர் எழுத்தாளருக்கு இருக்க முடியாது.

ஆகவே எங்கள் வேண்டுகோள்: போட்டிக்கு ஏற்றுக்கொண்ட நூலைக் கடைசிப் பக்கம் வரை படியுங்கள், இந்த வகைக்கு உரிய அளவுகோலால் எடை போடுங்கள், காரணத்தை எழுத்தில் தாருங்கள்.

நூல்கள் குவிகின்றன, நேரம் இல்லை என்பீர்கள். நியாயம்தான். முதல் சுற்றில் ஒரு நூலை மூன்று பேரிடம் கொடுங்கள். மொழியே தடுமாறுகிறது என்று மூவரும் ஒத்துக்கொண்டால், காரணத்தைக் குறித்துவிட்டு அந்த நூலை அங்கேயே ஒதுக்கலாம். ஒருவர் மறுத்தாலும் அது முழு வாசிப்புக்குப் போகட்டும். இறுதிப் பட்டியலில் உள்ளவற்றை எல்லா நடுவர்களும் இரண்டாம் முறை படிக்க வேண்டும். அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவல் தீர்ந்த பிறகும் ஒரு நூல் தாங்குகிறதா என்பது மறுவாசிப்பில்தான் தெரியும். மதிப்பெண்ணைக் கூட்டத்துக்கு வரும் முன்பே ஒவ்வொருவரும் தனியாக எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. இல்லையென்றால் முதலில் பேசுகிறவர் பக்கம் மற்றவர்கள் சாய்ந்துவிடுவார்கள்.

அடுத்து, உங்கள் மதிப்பெண் தாள். 'சமூகத்துக்கான கருத்து' என்ற தலைப்புக்கு 40. கதையுலகக் கட்டமைப்புக்கு ஒரு வரிகூட இல்லை. அமெரிக்க நூலகச் சங்கத்தின் இளையோர் பிரிவு 2000 முதல் வழங்கிவரும் பிரின்ட்ஸ் விருதின் விதிகள், எழுத்தின் தரத்தைத்தான் பார்க்கச் சொல்கின்றன. ஒரு நூல் பிரபலமா என்பதும் அது என்ன செய்தி சொல்கிறது என்பதும் அளவுகோல் அல்ல என்று அவை வெளிப்படையாகவே சொல்கின்றன. நீங்கள் ஒன்றுக்கு 40 மதிப்பெண் கொடுத்திருக்கிறீர்கள், மற்றொன்றைக் குற்றமாக எண்ணியிருக்கிறீர்கள்.

எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால், மாயத்திலிருந்து தொடங்கலாம். படிக்கும்போது பக்கத்தில் ஒரு தாள் இருக்கட்டும். மாயம் நிகழும் ஒவ்வொரு இடத்திலும் பக்க எண், என்ன நடந்தது, என்ன விலை, அதை யார் கொடுத்தார்கள் என்ற நான்கையும் குறியுங்கள். நாவல் முடியும்போது அந்தத் தாளே பேசும். சிக்கலைத் தீர்த்த மாயம், தீர்ப்பதற்கு முன்பே வாசகருக்கு அறிமுகமாகியிருக்க வேண்டும். கடைசி அத்தியாயத்தில் திடீரென்று முளைக்கும் சக்தி, ஆசிரியர் வழி தெரியாமல் நின்றதற்கான அடையாளம். விதியே சொல்லப்படாத, புரிபடாத மாயமும் இருக்கலாம். அது கதையில் திகிலையும் வியப்பையும் தரட்டும். நாயகனைக் காப்பாற்ற மட்டும் வரக்கூடாது.

கதையுலகம் என்றால் வரைபடமும் வாயில் நுழையாத பெயர்களும் மட்டுமல்ல. தூரத்தையும் நாளையும் கணக்குப் பாருங்கள். நடந்து போகிறவர் நல்ல பாதையில் நாளொன்றுக்கு 25, 30 கிலோமீட்டர் போவார். குதிரை சில கிலோமீட்டருக்கு மேல் முழு வேகத்தில் ஓடாது. ஓர் இரவில் நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய்விட்டால், மூன்று அத்தியாயம் முன்னால் 'அவ்வளவு தூரம் யாராலும் போக முடியாது' என்று பயமுறுத்தியது என்ன ஆயிற்று? உறைபனியில் கிடக்கும் கோட்டைக்கு உணவு எங்கிருந்து வருகிறது? இதற்கெல்லாம் கதையில் விளக்கம் எழுத வேண்டும் என்பதில்லை. ஆசிரியருக்கு விடை தெரிந்திருந்தால் அது காட்சிகளில் தானாகத் தெரியும்.

ஒரு பக்க உரையாடலில் பேசுகிறவர்களின் பெயர்களை மறைத்துவிட்டுப் படியுங்கள். யார் பேசுகிறார்கள் என்று தெரியவில்லை என்றால் பாத்திரங்கள் இன்னும் உருவாகவில்லை. 'உனக்குத்தான் தெரியுமே, நம் அரசு பிளந்து நூறு ஆண்டாகிறது' என்று தெரிந்ததையே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டால், ஆசிரியர் குறுக்கே நின்று வாசகருக்குப் பாடம் நடத்துகிறார். தீர்க்கதரிசனத்தில் சொல்லப்பட்ட நாயகி வந்தாலே தேய்ந்த வார்ப்பு என்று ஒதுக்க வேண்டாம். அவள் இடத்தில் வேறொருத்தி நின்றிருந்தால் கதை மாறியிருக்குமா என்று கேளுங்கள். மாறியிருக்காது என்றால்தான் குறை. இரண்டு பேருக்கு நடுவில் தவிக்கும் காதலுக்கும் இதே சோதனை போதும்: அதை எடுத்துவிட்டால் அவளுடைய முடிவுகள் மாறுமா?

மொழி எளிமையாக இருக்கிறது என்று மதிப்பெண் குறைப்பதும் சரியல்ல. இந்த நூல்கள் 12 முதல் 18 வயதினருக்கானவை. வாக்கியம் சிறியதா பெரியதா என்று பார்க்காமல், வினைச்சொல் துல்லியமாக விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். 'அவனுக்குள் ஏதோ உடைந்தது' என்பது ஒரு நாவலில் பத்து முறை வந்தால் தாராளமாகக் குறையுங்கள். நாங்களும் குறைத்திருப்போம்.

இப்போது அந்த முதல் வரிக்கு வருகிறோம். பிரபலமான எல்லாம் நல்ல நூல் என்று நாங்கள் சொல்லவில்லை. அத்தியாயத்துக்கு அத்தியாயம் பொய்யான திடுக்கிடலில் நிறுத்தி, மூன்று பாகமாக இழுத்து, நடுப்பாகத்தில் ஒன்றுமே நடக்காத நூல்கள் நிறையவே இருக்கின்றன. அவற்றை எதிர்த்து எழுதியும் வருகிறோம். ஆனால் விற்பனை எப்படித் தகுதி ஆகாதோ, அப்படியே குற்றமும் ஆகாது. அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா கே. லெ குவின் இளையோருக்காக எழுதிய ஃபேன்டஸி நாவல் 1973-இல் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதைக் குழந்தை நூல் பிரிவில் பெற்றது. பிரிட்டிஷ் எழுத்தாளர் பிலிப் புல்மனின் ஃபேன்டஸி முத்தொகுதியில் கடைசி நூல், பெரியவர்களுக்கான நாவல்களையும் தாண்டி 2001-ஆம் ஆண்டுக்கான பிரிட்டனின் விட்பிரெட் ஆண்டின் சிறந்த நூல் விருதை வென்றது. அதுவும் ஏராளமாக விற்ற நூல்தான். முத்தொகுதியின் கடைசி நூலை முதல் 50 பக்கத்தோடு மூடி வைத்திருந்தால் என்ன தீர்ப்பு வந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

பிள்ளைகள் படிப்பதில்லை என்று மேடைதோறும் வருந்துகிறோம். அதே பிள்ளை 500 பக்க நாவலை இரண்டு நாளில் முடித்துவிட்டு வந்து நின்றால், 'இதெல்லாம் ஒரு புத்தகமா' என்கிறோம். எது நல்லது, எது போலி என்று பிரித்துச் சொல்ல ஆளில்லாத இடத்தில் அட்டைப்படமும் நட்சத்திர எண்ணிக்கையும்தான் தேர்வு செய்கின்றன. நூலக அலமாரிக்கு நூல் வாங்குகிறவர் உங்கள் பட்டியலைத்தான் எதிர்பார்த்திருந்தார். பட்டியலும் இல்லை, ஏன் இல்லை என்பதற்குப் பயன்படும் ஒரு வாக்கியமும் இல்லை. நாற்பது வயதில் படிக்க வேண்டியதைப் பதினாலு வயதில் ஏன் படிக்கவில்லை என்று கேட்கும் போக்கு விமர்சன உலகம் முழுவதுமே இருக்கிறது. அந்தக் கோபத்தை எல்லாம் உங்கள் ஒரு குழுவின் மேல் கொட்டுவது முறையல்ல. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேட்க வந்ததை மறுபடி பணிவோடு கேட்கிறோம். நூல்களைக் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். கதையுலகம், மாயத்தின் விதி, பாத்திரத்தின் தேர்வு, மொழி ஆகியவற்றுக்கு உரிய இடம் கொடுத்து மதிப்பெண் தாளைத் திருத்துங்கள். ஒதுக்கிய நூல் ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு வரியிலாவது காரணம் எழுதி ஆசிரியருக்கு அனுப்புங்கள். இந்த ஆண்டு வந்த நூல்களை முழுமையாகப் படித்த பிறகும் பரிசு இல்லை என்றே நீங்கள் முடிவு செய்தால், அந்த முடிவை ஏற்றுக்கொள்கிறோம். அடுத்த ஆண்டுக்கான நூல்களை வரவேற்கும் அறிவிப்பு வரும் முன்பே உங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
இளையோர் நூல்களுக்கு மதிப்புரை எழுதும் வாசகர்கள்