தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு ஒரு நூலக ஆசிரியையின் மடல்

மதிப்பிற்குரிய பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். போன மாதம் எங்கள் பள்ளியில் வகுப்புப் புகைப்படம் எடுத்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, உயரமான இருவருக்குப் பின்னால் ஒளிந்து நின்றாள். முன்னால் வரச் சொன்னதும், "ஃபில்டர் போட்டுக் குடுப்பாங்களா மிஸ்?" என்று கேட்டாள். மாலையில் அவளுக்கென்று ஒரு புத்தகம் தேடினேன். சிறுவர் கதைகளை அவள் எப்போதோ தாண்டிவிட்டாள். அடுத்த அடுக்கில் நேரே பெரியவர்களின் நாவல்கள்.

ஸ்காட் வெஸ்டர்ஃபெல்டின் 'அக்லீஸ்' (2005) நாவல் நினைவுக்கு வந்தது. அதில் வரும் நகரத்தில் 16 வயதானால் எல்லோருக்கும் அறுவை சிகிச்சை செய்து அழகாக்கிவிடுவார்கள். அதுவரை எல்லோருமே அசிங்கம். நாயகியின் நண்பன் பெரிஸுக்கு 'மூக்கு' என்று பட்டப்பெயர், தோழி ஷேவுக்கு 'ஒல்லி'. எங்கள் வகுப்பறையில் 'கருவாச்சி', 'குண்டு' என்று காதில் விழுவதுதான். நாயகி டாலி, தன் முகத்தின் ஒரு பாதியையே இரண்டு பக்கமும் ஒட்டித் திரையில் அழகு பார்க்கிறாள். இன்ஸ்டாகிராம் வர அப்போது இன்னும் ஐந்து ஆண்டுகள் இருந்தன!

என்னை உலுக்கியது அந்த நகரம் சொல்லும் நியாயம். எல்லோரும் ஒரே மாதிரி இருந்தால் பொறாமை இல்லை, சண்டை இல்லை என்கிறார்கள். கேட்கும்போது சரியென்றுதான் படுகிறது. அந்தக் கத்தி மூளையையும் தொட்டு, எதிர்க்கும் குணத்தை மழுங்கடிக்கிறது என்பது பிறகுதான் தெரிகிறது.

இங்கே அப்படி யாரும் சட்டம் போடவில்லை. "வெயில்ல அலையாதே, கருத்துடுவே" என்று வீட்டில் சொல்கிறோம். மணமகள் தேவை விளம்பரத்தில் 'சிவந்த நிறம்' என்று கேட்கிறோம். 1975இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி, பெயரிலிருந்து 'ஃபேர்' என்பதை எடுக்க 2020 ஆனது.

இந்த நாவலின் உரிமை வாங்கித் தமிழில் கொண்டுவாருங்கள். நம் எழுத்தாளர்களிடமும் இந்த வயதுக்கென்றே கேட்டு வாங்குங்கள். பாடநூல் தமிழ் வேண்டாம், பிள்ளைகள் பேசும் தமிழில் இருக்கட்டும். 2024இல் இது திரைப்படமாகவும் வந்தது. பார்த்து வருந்தினேன், அசிங்கம் என்று சொல்லப்படுகிறவர்களும் அதில் அழகான நடிகர்கள்தான். புத்தகத்தில் டாலிக்கு என் மாணவி தன் முகத்தையே கொடுத்துக்கொள்ளலாம்.

அதனால் அட்டையில் மட்டும் எந்தப் பெண்ணின் முகத்தையும் போட்டுவிடாதீர்கள்.

அன்புடன்,
ஒரு நூலக ஆசிரியை