டி.சி. பின்னால் வரட்டும், பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத் தனியார் பள்ளிகளின் தாளாளர்களுக்கும் முதல்வர்களுக்கும்,

வணக்கம். வளைகுடாவில் போர்ப் பேச்சு எழும்போதெல்லாம் நம் ஊரில் பூட்டிக் கிடக்கும் வளவு வீடுகளில் பிள்ளைகள் வந்து இறங்குவது உங்களுக்குப் புதிதில்லை. போன வாரம் அப்படி வந்த பத்தாம் வகுப்புப் பையனின் பாஸ்போர்ட்டையும் மதிப்பெண் அட்டைகளையும் மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு, அவன் அப்பத்தா பள்ளி பள்ளியாக ஏறி இறங்கினார்கள். எல்லா இடத்திலும் ஒரே பதில்: "தூதரக முத்திரையோட டி.சி. வரட்டும், ஆச்சி."

அந்த மாற்றுச் சான்றிதழ் எப்படி வரும்? கட்டணப் பாக்கி தீர்ந்தால்தான் அங்கே பள்ளி டி.சி. எழுதும். அதன்பிறகு அந்நாட்டுக் கல்வித் துறை, வெளியுறவுத் துறை, கடைசியாக இந்தியத் தூதரகம். 2025 ஜூன் 23 அன்று கத்தார் வான்வெளியை மூடியது நினைவிருக்கும். அப்படி மூடுவதற்குள் பிள்ளையை ஏற்றிவிடத்தானே பெற்றவர்கள் பதறுகிறார்கள்? முத்திரைக்குக் காத்திருந்தால் விமானம் இருக்காது.

சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும். பையன் வீட்டில் இருக்கும் ஒவ்வொரு நாளும் அதில் துண்டு விழுகிறது. டி.சி. தாமதத்தைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு. ஆனால் அது எட்டாம் வகுப்பு வரைதான், அதுவும் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளுக்குத்தான். இவனுக்கு உங்கள் மனசுதான் சட்டம்.

நாங்கள் கேட்பது தற்காலிகச் சேர்க்கை. பாஸ்போர்ட் நகல், ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் அட்டை, வாரியப் பதிவு எண்ணை உறுதிசெய்து பழைய பள்ளி அனுப்பும் மின்னஞ்சல், பாதுகாவலர் யார் என்று பெற்றோர் எழுதிய கடிதம், இவை போதாதா? பதினொன்றாம் வகுப்பென்றால் இன்னும் எளிது, பத்தாம் வகுப்பு மதிப்பெண் டிஜிலாக்கரிலேயே இருக்கிறது. பத்தாவதில் நேரடியாகச் சேர வாரிய அனுமதி வேண்டும் என்பீர்கள். அந்த விண்ணப்பத்தை அனுப்ப வேண்டியதும் பள்ளிதானே.

1941 டிசம்பர் 23-இல் ரங்கூனில் குண்டு விழுந்தபின், கொண்டுவிக்க, அதாவது பர்மாவுக்குத் தொழில் செய்யப் போனவர்கள் காடு மலை கடந்து நடந்தே திரும்பிய சீமை இது. நல்லவேளை, வழியில் யாரும் அவர்களிடம் டி.சி. கேட்கவில்லை. கட்டட நிதி வாங்கும்போது மட்டும் நீங்களும் எந்த முத்திரையும் கேட்பதில்லை!

கோபத்தில் வந்த சொல்லைப் பொறுத்துக்கொள்ளுங்கள். 90 நாளுக்குள் டி.சி. தராவிட்டால் சேர்க்கை ரத்து என்று எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போட வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள். அதுவரை, தயவுசெய்து, பிள்ளையை வகுப்பில் உட்கார விடுங்கள்.

இங்ஙனம்,
வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகளுக்குச் சேர்க்கைத் தாள்கள் எழுதிக்கொடுக்கும் காரைக்குடிக்காரர் சிலர்