பாலிஷும் மெழுகும் ஒன்றல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், காரில் கீறல் விழுந்தால் பற்பசை தடவித் தேய்க்கலாம், மாதம் ஒருமுறை பாலிஷ் போட்டால் வண்டி புதுசாகவே இருக்கும் என்று ஒரு குறிப்பு வந்திருந்தது. மறுநாள் காலை ஒருவர் அந்தப் பக்கத்தை மடித்து எடுத்துக்கொண்டு என் பட்டறைக்கே வந்துவிட்டார். வெளியே அவருடைய கறுப்பு பி.எம்.டபிள்யூ. "இப்படிச் செய்யலாமாப்பா?" என்று கேட்டார். "வேண்டாம் சார்" என்று அரைமணி நேரம் உட்காரவைத்துச் சொல்லி அனுப்பினேன். அவரைப் போல எத்தனை பேர் அதைப் படித்திருப்பார்கள் என்று நினைத்தபோது மனசு கேட்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் சத்துவாச்சாரியில் கார் பெயிண்டர். 1991-ல், 15 வயதில் பட்டறைக்குப் போனவன். அப்பா ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலையில் பஃபிங் பிரிவில் இருந்தார். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோலும் ஷூவுமாக வாழ்கிற ஊர்கள் நம்முடையவை. பாலிஷ் என்றால் நமக்கு முதலில் ஷூ பாலிஷ்தான். அது பெரும்பாலும் மெழுகு. மேலே பூசுகிறோம், பளபளக்கிறது. அதே பழக்கத்தில் காருக்கும் "பாலிஷ் போடு" என்கிறோம். ஆனால் கார் பாலிஷில் இருப்பது நுண்ணிய அரைக்கும் பொடி. அது எதையும் பூசுவதில்லை, மேலே இருப்பதைச் சீவி எடுக்கிறது. அப்பா எமரி பேப்பர் சுற்றிய மெஷினில் தோலின் மேல்பாகத்தைத் தேய்த்து எடுப்பாரே, அந்த வேலைக்குத்தான் இது அண்ணன் தம்பி. பற்பசையும் அப்படியே. அதில் உள்ள பொடிதான் பல்லின் கறையை எடுக்கிறது.

இப்போதைய கார்களில் தகரத்தின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, பிரைமர், கலர், அதற்கு மேல் கிளியர் எனும் நிறமில்லாத கண்ணாடி மாதிரிப் பூச்சு என்று நாலு அடுக்கு. கிளியர் சுமார் 40 மைக்ரான்தான் இருக்கும் (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). இந்தக் கடிதம் அச்சாகப் போகிற உங்கள் பத்திரிகைத் தாளே அதைவிடத் தடிமன். வெயிலிலிருந்து கலரைக் காப்பது அந்த மெல்லிய கிளியர்தான். காம்பவுண்ட் என்கிற கரடான பாலிஷை அழுத்தி ஒருமுறை அடித்தால் அதில் 3, 4 மைக்ரான் போய்விடும். மாதம் ஒருமுறை என்றால் வருஷம் தாங்குமா?

நான் வேலை கற்ற நாளில் அம்பாசிடரும் ஃபியட்டும்தான் வரும். அவற்றுக்கு அடித்திருந்த பெயிண்ட்டில் கிளியர் கிடையாது, கலரே மேல் அடுக்கு. தேய்த்தால் பனியன் வேஸ்ட்டில் கலர் ஏறும். எவ்வளவு எடுக்கிறோம் என்று கண்ணுக்குத் தெரியும், கை தானாக நிற்கும். கிளியர் அப்படிச் சொல்லாது. துணி வெள்ளையாகவே இருக்கும். துணியில் கலர் தெரிந்தால் அந்த இடத்தில் கிளியர் போய்விட்டது என்று பொருள். 2006-ல் நானே ஒரு கறுப்பு வண்டியின் கதவு விளிம்பை மெஷினில் அப்படித் தீய்த்துவிட்டு, என் செலவில் கதவு முழுக்க அடித்துக் கொடுத்தேன். விளிம்பில் பெயிண்ட் மெல்லிசு, சூடும் அங்கேதான் சேரும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு டாக்டரின் பென்ஸ் வந்தது. வேறொரு கடையில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாலிஷ் போட்டிருக்கிறார்கள். பென்ஸ்காரர்கள் 2003 கடைசியிலிருந்தே கிளியரில் நானோ பீங்கான் துகள் சேர்க்கிறார்கள். கெட்டியான கிளியர். கீறல் சீக்கிரம் விழாது, விழுந்தது சீக்கிரம் போகவும் போகாது. அதனால் பையன்கள் மெஷினை இன்னும் அழுத்துவார்கள். பெயிண்ட் தடிமனை அளக்கும் கேஜ் வைத்துப் பார்த்தேன். எல்லா அடுக்கும் சேர்த்துக் கூரையில் 120 மைக்ரான், பானெட் நடுவில் 98, முன் விளிம்பில் 76. விளிம்பில் கிளியரே இல்லை. பானெட்டுக்குப் புதுசாக அடித்துக் கொடுத்தேன், நன்றாகத்தான் வந்தது. ஆனாலும் கம்பெனியில் 140 டிகிரி சூட்டில் வேகவைத்த பெயிண்டும், நாங்கள் 60 டிகிரியில் காயவைப்பதும் ஒன்றாகுமா? டாக்டர் அந்த பானெட்டையே பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

சரி, கீறல் எப்படி வருகிறது? பெரும்பாலும் நாம் துடைப்பதால். பெங்களூர் ரோட்டுப் புழுதியும் பாலாற்று மணலும் படிந்த வண்டியைக் காலையில் காய்ந்த துணியால் தட்டித் துடைக்கிறார்களே, வெயிலில் சிலந்தி வலை மாதிரி தெரிவதெல்லாம் அதன் கோடுகள்தான். முதலில் தண்ணீர் ஊற்றிப் புழுதியை இறக்க வேண்டும். ஷாம்புக்கு ஒரு பக்கெட், துணி அலச ஒரு பக்கெட். நம் போர் தண்ணீரில் உப்பு அதிகம், வண்டி மேல் காயவிட்டால் வெள்ளை வட்டம் பிடிக்கும். கடைசி அலசலுக்கு நான் டிரம்மில் மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறேன். பறவை எச்சத்தைச் சுரண்டாமல் ஈரத் துணியைப் போட்டு ஊறவைத்து எடுக்க வேண்டும், அன்றைக்கே.

அப்புறம் மெழுகு. நல்ல மெழுகில் இருப்பது பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் இலையில் எடுக்கும் கார்னாபா. 80 டிகிரிக்கு மேல்தான் உருகும், பொடி கலக்காத மெழுகு கிளியரைச் சீவாது. நிழலில், தகரம் கைக்குக் குளிர்ந்திருக்கும்போது மெல்லிசாகப் பூசி, மங்கலாகக் காய்ந்ததும் மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தால் போதும். நம் அக்னி நட்சத்திர வெயிலில் ஒன்றரை மாதம் நின்றால் அதிகம். நிற்காவிட்டால் என்ன, மறுபடி பூசலாம். போன கிளியரை அப்படித் திரும்ப வைக்க முடியாது.

பாலிஷே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆழமான கோடு இருந்தால், அந்த இடத்துக்கு மட்டும், அளந்து பார்த்துச் செய்யலாம். கேஜ் இல்லாத கடையில் மெஷினைத் தொடவே விடாதீர்கள். இதை அந்தக் குறிப்பு வந்த அதே இடத்தில் போடுங்கள் ஐயா, வெட்டி வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அந்த டாக்டரின் பென்ஸ் இந்த ஆயுத பூஜைக்கும் வருகிறது, மெழுகுக்கு மட்டும். கேஜுக்குப் புது பேட்டரி வாங்கி வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
கார் பெயிண்டர் ஒருவர்,
சத்துவாச்சாரி, வேலூர்.