சின்னவள் போகும் ஊர்

அன்புள்ள முத்து,

எட்டு மாதமாகக் கடுதாசி போடவில்லை. திட்டுவதை நேரில் வைத்துக்கொள். முழங்கால் தேவலை. விஷயம் வேறு. சின்னவளுக்கு வனுவாட்டுவில் வேலை கிடைத்திருக்கிறது, போர்ட் விலாவில். "அது எங்கடி இருக்கு?" என்றேன். பிஜிக்கு மேற்கே, எண்பது சொச்சம் தீவு என்றாள். உன் தங்கச்சிக்கு மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. நான் அந்த ஊர்க் கதையைப் படிக்க உட்கார்ந்துவிட்டேன்.

முத்து, 1906 முதல் 1980 வரை அந்த நாட்டை பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து ஆண்டிருக்கின்றன. ஆளுக்குப் பாதி என்று நினைக்காதே, மொத்தத்தையும் இரண்டு பேரும்! இரண்டு போலீஸ், இரண்டு சிறை, இரண்டு சட்டம். வெளிநாட்டான் வந்திறங்கினால் தனக்கு எந்தச் சட்டம் என்று அவனே பொறுக்கிக்கொள்ளலாம். இருவருக்கும் பொதுவான நீதிமன்றத்துக்குத் தலைவரை நியமித்தது யார் தெரியுமா? ஸ்பெயின் ராஜா! படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன்.

அடுத்த பக்கத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. ஊர்க்காரர்களுக்கு அந்த இரண்டு நாட்டிலும் குடியுரிமை கிடையாது. நிலமும் வெள்ளைக்காரத் தோட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கோபத்தில்தான் வால்டர் லினி என்ற பாதிரியாரும் கூட்டாளிகளும் 1971-இல் கட்சி தொடங்கினார்கள். 1979 நவம்பர் தேர்தலில் 39 இடங்களில் 26. பிரிட்டன் எப்போதடா கழன்றுகொள்ளலாம் என்றிருந்தது. பிரான்சுக்கு மனசில்லை, தன் பிடியில் இருக்கிற பக்கத்து நியூ கலிடோனியாவுக்கும் இந்தச் சுதந்திர ஆசை தொற்றிவிடுமே! அதற்குள் அந்த நாட்டின் சாண்டோ தீவில் ஜிம்மி ஸ்டீவன்ஸ் என்பவர் தனிநாடு என்று கிளம்பிவிட்டார். ஆட்கள் கையில் வில்லும் அம்பும், முதுகுக்குப் பின்னால் சில அமெரிக்கப் பணக்காரர்கள். இரண்டு வல்லரசும் சிப்பாய்களை அனுப்பி வேடிக்கை பார்த்தன. 1980 ஜூலை 30 அன்று சுதந்திரம் வந்தது. லினி பாப்புவா நியூ கினியாவிடம் படை கேட்டார், சில வாரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. அதில் ஜிம்மியின் மகன் சாலைத் தடையில் சுடப்பட்டு இறந்தான். அந்த வரியைத் தாண்ட எனக்கு நேரமாயிற்று. ஜிம்மி செய்தது சரி என்று சொல்லவில்லை. அப்பன் அப்பன்தானே.

நிலமெல்லாம் மண்ணின் மரபுவழிச் சொந்தக்காரர்களுக்கே என்று அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். "அங்கே அவளால் ஒரு சென்ட்கூடச் சொந்தமாக வாங்க முடியாது, திரும்பி வந்துதான் ஆகணும்" என்று உன் தங்கச்சியைத் தேற்றுகிறேன்.

அவர்கள் பேசுவது பிஸ்லாமா. இங்கிலீஷிலிருந்து முளைத்த பாஷை, ஆனால் இங்கிலீஷில் இல்லாதது ஒன்று அதில் இருக்கிறது. 'யுமி' என்றால் நாம், 'மிஃபலா' என்றால் நாங்கள். தேசிய கீதத்தின் பெயரே 'யுமி, யுமி, யுமி'. இதைச் சின்னவளிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தபோது, அடுக்களையிலிருந்து அவள் அம்மா, "நீ கவலைப்படாம போ, நாங்க இருந்துக்குவோம்" என்றாள். சின்னவள் என்னைப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

பதினெட்டாம் தேதி ராத்திரி விமானம். நீ வந்தே ஆகணும். தயவுசெய்து அந்த முறுக்கு வேண்டாம்.

உன்,
ராமு