சம்பந்தி வீட்டு மூலப் பத்திரம்: ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

என் மருமகள் கென்டக்கிக்காரி. அவளுடைய அம்மா வழியில் ட்ரபியூ என்று ஒரு குடும்பம். மதத்துக்காக ஃபிரான்ஸை விட்டு ஓடிவந்தவரின் வம்சம் என்று சொல்லிக்கொள்வார்கள். பேத்தி பிறந்ததும் இரண்டு பக்கத்து வம்சாவளியையும் எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். எங்கள் பக்கம் கொள்ளுத்தாத்தாவோடு நின்றுவிட்டது. சம்பந்தி பக்கமோ 1687 வரைக்கும் போய்விட்டது. அவ்வளவு தூரம் என்னைக் கைப்பிடித்துக் கூட்டிப் போனவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதலில் மருமகளின் பாட்டி. காது மந்தம், ஞாபகம் மட்டும் கத்தி மாதிரி. முன்னோர் அந்துவான் ட்ரபியூ ஒரு வண்டி நிறைய ஒயினை ஏற்றிக்கொண்டு, காவலர்களுக்கு விற்கப் போவது போலப் போய், ராத்திரியோடு ராத்திரியாக வண்டியையும் குதிரையையும் விட்டுவிட்டு ஆங்கிலேயக் கப்பல் ஒன்றில் ஏறித் தப்பினார் என்பது அவர் சொல்லும் கதை. அந்துவானின் பேரன் டேனியல் ட்ரபியூ 1827-இல் எழுதிய நினைவுக் குறிப்பிலும் இந்தக் கதை இருக்கிறது. ஆனால் டேனியல் பிறந்தது 1760-இல். தாத்தா இறந்து 36 வருஷத்துக்குப் பிறகு. சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதியே பிழைத்தவன் நான். கேட்ட கதைக்கு எழுத்து இருக்கிறதா என்று பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. பாட்டி கோபித்துக்கொள்ளவில்லை. "தேடு, கிடைத்தால் எனக்கும் சொல்லு" என்று ஒரு பெட்டி நிறைய நகல்களைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

அந்தப் பெட்டியில்தான் சான்றிதழின் நகல் இருந்தது. 1685-இல் பதினான்காம் லூயி மன்னர் நாந்த் சாசனத்தை ரத்து செய்தார். சீர்திருத்தக் கிறிஸ்தவர்களான ஹியூகனோக்களுக்கு அதுவரை இருந்த கொஞ்சநஞ்சப் பாதுகாப்பும் போயிற்று. போதகர்கள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும், மற்றவர்கள் வெளியேறவே கூடாது என்று சட்டம். மீறி ஓடியவர்களுக்கு, போய்ச் சேர்ந்த ஊரில் இருந்த போதகர்கள் 'இவர் நம்மவர்தான்' என்று கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள். அந்துவானுக்கு அப்படி எழுதிக் கொடுத்தது சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில், 1687-இல். பிறந்த ஊர் மொந்தோபான், வயது சுமார் 19, கறுத்த நிறம், இடக் கண்ணுக்குக் கீழே ஒரு தழும்பு. நம்மூர்ப் பள்ளிச் சான்றிதழில் அங்க அடையாளம் எழுதுவார்களே, அப்படியே இருந்தது. ஹாலந்துக்குப் போகிறார் என்றும் எழுதியிருக்கிறது. லோசானில் ஏரி உண்டு, கடல் கிடையாது. ஆகவே முதலில் தரை வழியாகச் சுவிட்சர்லாந்து, பிறகு ஹாலந்து. ஆங்கிலக் கப்பல் வந்திருந்தால் அதற்கும் பிறகுதான். ஒயின் வண்டியை நான் தள்ளிவிடவில்லை. மொந்தோபானிலிருந்து கிளம்பியபோது அது உதவியிருக்கலாம். பாட்டியிடம் இதைச் சொன்னபோது, "வண்டி இருந்தால் சரி" என்றார்.

அந்துவான் கடைசியில் குடியேறியது அமெரிக்காவின் வர்ஜீனியாவில். அடுத்த நன்றி ரிச்மண்டில் உள்ள வர்ஜீனியா மாநில நூலகத்தில் மேசையில் இருந்த அம்மையாருக்கு. நான் பெயரைச் சொல்ல ஆரம்பித்தேன். அவரோ, ஜேம்ஸ் ஆற்றுக்கு எந்தக் கரை, எந்த வருஷம் என்று கேட்டார். தென்கரை என்றதும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: முதலில் ஹென்ரைக்கோ, 1728 முதல் கூச்லண்ட், 1749 முதல் கம்பர்லண்ட், 1777 முதல் பவ்ஹாட்டன். நிலம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. மாவட்டம் பிரியப் பிரியப் பத்திரம் இருக்கிற ஆபீஸ்தான் மாறிக்கொண்டே போகிறது. வில்லங்கம் பார்த்தவனுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

1700-இல் கப்பல் கப்பலாக வந்திறங்கிய ஹியூகனோக்களுக்கு அங்கே 10,000 ஏக்கர் ஒதுக்கினார்கள். மொனாக்கன் பழங்குடியினர் விட்டுப்போன ஊர் இருந்த இடம் அது; அதனால்தான் மனக்கின் டவுன் என்று பெயர். அளந்து விட்டது ஐயாயிரம் ஐயாயிரமாக; அந்தக் காலத்துப் பட்டாக்களில் 'ஃபிரெஞ்சு அகதிகளுக்காக அளந்துவிட்ட 5,000 ஏக்கரில் ஒரு பகுதி' என்ற வாசகம் திரும்பத் திரும்ப வரும். நான்கெல்லையில் பக்கத்து நிலக்காரர் பெயரும் வரும். அந்தப் பக்கத்து நிலக்காரர்தான் பெரும்பாலும் சம்பந்தியாகவும் இருப்பார்.

மனக்கின் திருச்சபைப் பதிவேட்டை எனக்குப் படித்துக் காட்டியவர் புதுச்சேரி நண்பர். லிசே என்ற ஃபிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர், இப்போது பாரிஸ் பக்கம் இருக்கிறார். வாரக் கடைசியில் வீடியோவில் வந்து உட்கார்ந்து, நகலைப் பெரிதாக்கி வரி வரியாக வாசிப்பார். எழுதியவர்கள் காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார்கள். மனுஷருக்கு அது தாங்காது. "இந்த ஆளுக்கு எங்கள் வாத்தியார் முட்டி போட வைத்திருப்பார்" என்று திட்டிக்கொண்டேதான் படித்தார். அந்துவானின் மரணத்தைக் கண்டுபிடித்ததும் அவர்தான்: 1723/4 ஜனவரி 29-இல் காலமானார், வயது சுமார் 56 அல்லது 57, மறுநாள் 30-இல் அடக்கம். கீழே எழுத்தர் சோப்லேயின் பெயர்.

வருஷம் ஏன் இரண்டாக இருக்கிறது என்று கேட்டேன். ஆங்கிலக் குடியேற்றங்களில் 1752 வரை புது வருஷம் மார்ச் 25-இல்தான் பிறந்ததாம். ஆக, அவர்கள் கணக்கில் அது 1723, நம் கணக்கில் 1724. சரி, 1687-இல் 19 வயது என்றால் 1724 ஜனவரியில் என்ன வயது? கூட்டிப் பாருங்கள், 56-இல் வந்து நிற்கும். லோசானில் போதகர்கள் எழுதியதும் வர்ஜீனியாக் காட்டில் எழுத்தர் கிறுக்கியதும் ஒரே ஆளைப் பற்றித்தான். அன்றைக்கு நண்பரும் நானும் ஆளுக்கொரு காபி போட்டுக்கொண்டு வந்து மறுபடி உட்கார்ந்தோம்.

காசு வாங்கிக்கொண்டு வம்சாவளி தயாரித்துத் தருகிற ஒருவர், சம்பந்தி குடும்பத்துக்கு எப்போதோ ஒரு பிரபு வம்சத்தையும் கேடயச் சின்னத்தையும் சட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார். அதற்கு ஆதாரமாக ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. சட்டம் மட்டும் நல்ல மரம்.

கடைசியாகச் சொல்கிறேனே தவிர, நான் அதிகம் கடன்பட்டிருப்பது நூலகத்தில் பக்கத்து மேசையில் பழக்கமான ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு. கறுப்பின அமெரிக்கர். அவரும் அதே பதிவேட்டைத்தான் புரட்டிக்கொண்டிருந்தார். ஹியூகனோக்களின் குழந்தைகளோடு, அவர்கள் வைத்திருந்த அடிமைகளின் குழந்தைகள் பிறந்ததும் அதில் இருக்கிறது. குழந்தைக்குக் குடும்பப் பெயர் கிடையாது. யாருக்குச் சொந்தம் என்பது இருக்கும். உயிருக்குப் பயந்து ஓடிவந்தவர்கள்தான் இப்படியும் எழுதிவைத்திருக்கிறார்கள். பாட்டியின் ஒயின் வண்டிக் கதையில் இந்தப் பக்கம் வருவதே இல்லை. பேத்திக்காக நான் எழுதும் நோட்டில் இதையும் எழுதிவிட்டேன். மருமகள்தான் முதலில் 'எழுதுங்கள்' என்றாள்.

வரிப் பட்டியலை எப்படிப் பார்ப்பது என்று சொல்லிக் கொடுத்ததும் அந்த ஆசிரியைதான். வர்ஜீனியாவில் ஆண்பிள்ளைக்கு 16 வயதானால் தலைவரிக் கணக்கில் சேர்ப்பார்கள். ஒரு பையன் பெயர் எந்த வருஷம் முதன்முதலாகப் பட்டியலில் தலைகாட்டுகிறதோ, அதிலிருந்து 16-ஐக் கழித்தால் பிறந்த வருஷம் கிட்டத்தட்டக் கிடைத்துவிடும். அடிமைகளானால் பெண்களுக்கும் 16-இலிருந்து வரி, கட்டுவது உடைமையாளர். ஆசிரியையின் முன்னோர் உயில்களில்தான் அகப்படுகிறார்கள், மாட்டோடும் மெத்தையோடும் பங்கு பிரிக்கும்போது. எனக்கு எளிதாகக் கிடைத்தது அவருக்கு எளிதாகக் கிடைக்கவில்லை. ஆனாலும் தன் வேலையை நிறுத்திவைத்து எனக்காகப் பக்கம் புரட்டியிருக்கிறார். கம்பர்லண்ட் உயில்களில் அவர் தேடும் பெயர்கள் என்னிடமும் இருக்கின்றன, பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மிட்லோதியனில் உள்ள மனக்கின் ஹியூகனோ சங்கத்து நூலகத் தன்னார்வலர்களுக்கும், மகன் வேலைக்குப் போனபிறகு என்னைக் காரில் கொண்டுபோய் விட்ட பக்கத்து வீட்டுத் தம்பிக்கும் நன்றி.

வேலை முடியவில்லை. அந்துவானின் மனைவி மக்டலேன், ஃப்ளூர்னுவா குடும்பம், பிறந்த ஊர் ஜெனீவா. கணவர் போனபிறகு அதே ஊரில் மனைவியை இழந்திருந்த பியர் ஷாஸ்தேனை மறுமணம் செய்துகொண்டார். மக்டலேனின் அப்பா ஜேக்கப், 1700-இல் 'பீட்டர் அண்ட் ஆண்டனி' கப்பலில் வந்தவர். பயணிகள் பட்டியலில் 'மனைவி, 2 பையன்கள், 2 பெண்கள்' என்று மட்டும் போட்டிருக்கிறது. பையன்களுக்கும் பெயரில்லை, பெண்களுக்கும் பெயரில்லை. ஜெனீவா பதிவேடுகளில் பழக்கமுள்ள தமிழர் யாராவது இருந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். பாட்டிக்கு வயதாகிறது, சீக்கிரம் சொல்லியாக வேண்டும்.